ஃபாலோ

காசிமேடு போகிற வழியில்
ஐஸ் பேக்டரிக்கு மேல்மாடி எங்கள் கேரம் கிளப்.
மூன்றாம் சனிக்கிழமை, கடைசி போர்டு முடிந்ததும்
பவுடரைத் துடைத்துப் பேப்பர் விரிப்போம்.
சொட்டு பலகையில் விழுந்தால் ஐம்பது ரூபாய்,
கேப்டனுக்கும் அதே.

மூன்று பாட்டில், மூன்று காய்:
கறுப்பு, வெள்ளை, ரெட்.
எந்தக் காய் யார் வீட்டு வைன் என்று
எனக்கு மட்டும் தெரியும்.
நான் பொருளாளர்.
ரகசியமும் என் கணக்கில்தான் வரும்.

சட்டம் ஒன்றே ஒன்று, ஆட்டத்திலிருந்து எடுத்தது:
ரெட் போட்டால் ஃபாலோ போடணும்.
"நல்லாருக்கு" மட்டும் போதாது.
எது மாதிரி நல்லாருக்கு என்று
இன்னொரு சொல் உடனே குழியில் விழணும்.
விழாவிட்டால் சொன்னது செல்லாது,
டீ கிளாஸ் நடுவட்டத்துக்குத் திரும்பிவிடும்.

ஸ்கோர் நோட்டின் பின்பக்கத்தில் இருக்கிறது எல்லாம்.
"மழை விட்ட மறுநாள் வலை",
துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் தணிகாசலம்.
"புது ரப்பர். ஆனா வாசனை ரப்பர்",
ஏகவல்லி.
பிலோமினாவின் இஞ்சி வைனுக்கு யாரோ:
"மூக்குல குடியேறிட்டு வாடகை தரமாட்டேங்குது."

ஜைனுலாபுதீன் கிளாஸைத் தொடமாட்டார்.
சமோசா கொண்டுவருவார்,
ஜன்னலோரம் உட்கார்ந்து
எந்த முகம் பொய் சொல்கிறதென்று பார்ப்பார்.
அவர்தான் அம்பயர்.

ஒருமுறை கப்பல் சமையல்காரர் கொடுத்ததென்று
தணிகாசலம் பிரான்ஸ் பாட்டில் கொண்டுவந்தார்.
திறக்கிற கருவி யாரிடமும் இல்லை.
ஸ்குரூ டிரைவரால் குத்தித் தக்கையை உள்ளே தள்ளினோம்,
அது மிதந்துகொண்டு எங்களையே பார்த்தது.
ஏகவல்லி குடித்தாள்.
"நல்லாருக்கு."
ஃபாலோ?
ஃபேன் சுற்றியது. கீழே ஐஸ் உடைந்தது.
"விலை மாதிரி இருக்கு" என்றாள்.
ஒத்துக்கொண்டோம்.

போன மாதம் ரெட்டுக்கு அடியில் இருந்தது ஆஸ்வால்டுடையது.
வேகன் ஒர்க்ஸில் ரிட்டையர் ஆனவர்,
ஏழு கிலோ பன்னீர் திராட்சை, பட்டை, கிராம்பு,
இருபத்தோரு நாள் மரக்கரண்டி.
நடுவில் கண் ஆபரேஷன், ஆறு நாள் ஆஸ்பத்திரி.
ஜாடி வாய்த்துணி எப்போது நழுவியதென்று
யாருக்குத் தெரியும்?

குடித்தோம்.
தணிகாசலம் கூரையைப் பார்த்தார்.
பிலோமினா சமோசாவைத் தேடினாள்.
"சுறுசுறுப்பா இருக்கு" என்றது ஒரு குரல்.
நோட்டில் எழுதவில்லை நான்.
பச்சைத் திரை கட்டிய கண்ணோடு ஆஸ்வால்ட்
ஒவ்வொரு வாயாகத் திரும்பிக்கொண்டிருந்தார்.
ரெட் நடுவட்டத்துக்கு வந்தது, மறுபடி வந்தது,
எடுக்க ஆளில்லை.

ஜன்னலோரத்திலிருந்து ஜைனுலாபுதீன்:
"இங்க வரைக்கும் அடிக்குதுப்பா. காடி."

பழைய ஆட்டக்காரர் ஆஸ்வால்ட்.
தப்புக்காய் போட்டால் தானே எடுத்து வைப்பவர்.
தன் கிளாஸை முகர்ந்தார், ஒரு மடக்கு விழுங்கினார்,
தோள் குலுங்கச் சிரித்தார்.
"ஆமாய்யா, காடி. ஒருத்தன் சொல்லக்கூடாதா?"
கிளாஸ்களில் மிச்சமிருந்ததை எல்லாம்
ஒரு சொட்டு சிந்தாமல் பாட்டிலில் ஊற்றிக்கொண்டார்.
ஒற்றைக் கண்ணுக்கு அது பெரிய காரியம்.

அடுத்த சனிக்கிழமை, முறை இல்லாத சனிக்கிழமை,
அலுமினியக் குண்டானில் விந்தாலு வந்தது.
கோழி, ஜைனுலாபுதீனின் மச்சான் கடைக் கோழி.
அவரும் பள்ளிவாசலில் கேட்டுக்கொண்டு வந்திருந்தார்:
தானாகவே காடியானால் கூடுமாம்.

எட்டு வருஷத்தில் முதல்முறையாக
பலகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.
ஒரு துண்டு. மெதுவாக மென்றார்.
இந்த முறை நாங்கள் எல்லாரும் அவர் முகத்தைப் பார்த்தோம்.

"நல்லாருக்கு."

ஃபாலோ, ஃபாலோ என்று
பலகையைத் தட்டினாள் ஏகவல்லி.
அவர் யோசித்தார். சொல் வரவில்லை.
குண்டானை இழுத்து
இன்னொரு துண்டு எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

செல்லும் என்று எழுதினேன்.