அண்டியாபீசில் ஒரு புதன்கிழமை

எங்கே வேலை என்று யாராவது கேட்டால்
ஆபீசில் என்பேன்.
பொய்யில்லை.
பள்ளியாடியில் எல்லோரும்
அண்டியாபீஸ் என்றுதான் சொல்வார்கள்.
முன்பாதியை விழுங்கிவிடுவேன், அவ்வளவுதான்.
கை சொல்லிவிடும்.

பத்தொன்பது வருஷம் அண்டி தல்லிய கை.
தோட்டெண்ணெய் ஊறி நகக்கண் கறுத்து
உள்ளங்கை உரிந்து,
சாம்பல் தேய்த்தாலும் சோப்பு தேய்த்தாலும்
விடியும்போது அதே கறுப்பு.
கல்யாண வீட்டு போட்டோவில் நிமிர்ந்து நிற்பேன்,
கை மட்டும் முந்தானைக்குள்.
கிறிஸ்துமஸ் கரோலில் எல்லோரும் கை தட்ட
நான் பாட்டுப் புத்தகம் பிடிப்பேன்.
தம்பி மகள் கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி
செண்டை முழங்க, சிறுசுகள் இழுக்க வந்தபோது
அடுப்பில் பாயசம் இருக்கு என்றேன்.
பாயசம் இறக்கி
ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

ஆட்டம் என்றால் கையை மேலே தூக்க வேண்டும்.
காலைப் பற்றி எனக்கு ஒரு பயமும் இல்லை.

அந்தப் புதன்கிழமை மழை.
கரண்டு போயிருந்தது.
அரைநாள் லீவு போட்டு
கூட்டுறவு பாங்குக்குப் போன வசந்தபாய்
நீலப் புடவை நனைய உள்ளே வந்தாள்.
குடையை மடக்கிச் சுவரில் சாய்த்தாள்.
கழுத்துத் துணியை விலக்கினாள்.

ரெண்டே முக்கால் பவன்.

மகன் ஆசாரிபள்ளத்தில் கிடந்தப்ப வைத்தது.
வட்டி கட்டிப் புதுக்கி, வட்டி கட்டிப் புதுக்கி,
ஒருமுறை ஏல நோட்டீசே வந்து
நாங்கள் நாற்பது பேரும்
இருபதும் ஐம்பதுமாய்ப் போட்டு நிறுத்தியது.
அந்தச் செயினில் எந்தக் கண்ணி என்னுடையது என்று
கேட்க எனக்கும் உரிமை உண்டு.

மீட்டுட்டேன் என்றாளா
மீண்டுட்டேன் என்றாளா,
தகரத்து மழையில் சரியாகக் கேட்கவில்லை.

றீத்தாள் ஒரு டின்னைக் கவிழ்த்துப் போட்டாள்.
தல்லுகட்டையால் ஓர் அடி.
கொஞ்சம் யோசித்து இன்னொன்று.
அப்புறம் யோசிக்கவில்லை.

வசந்தபாய் ஆடினாள்.
ஆட்டம் என்று சொல்ல முடியாது.
நிறைகுடத்தை இடுப்பில் வைத்து
வழுக்கும் வரப்பில் போகிறவள் மாதிரி
அந்தப் பக்கம் சாய்ந்தாள், இந்தப் பக்கம் சாய்ந்தாள்.
நடுவில் நின்று
என்னைப் பார்த்து ரெண்டு கையையும் நீட்டினாள்.

அதுவும் கறுப்பு.
பின்னே வேறென்ன நிறமாக இருக்கும்?
பத்தொன்பது வருஷம் பக்கத்திலிருந்தும்
நான் என் கையை மட்டுமே பார்த்திருக்கிறேன்.

அடுப்பில் பாயசம் எதுவும் இல்லை.
எழுந்தேன்.

முதலில் தோள் மட்டும்.
பிறகு மூட்டு வலிக்கிற கால்.
பிறகு என்னிடம் கேட்காமலே
எண்ணெய் ஈரம் காயாத கை மேலே போயிற்று.
யாரும் பார்க்கவில்லை.
எண்பது கை மேலே இருந்தது.
தரம் பிரிக்கிற அறையிலிருந்து
வெள்ளைக் கைக்காரிகளும் வந்துவிட்டார்கள்.
மதிலுக்கு அப்பால் திருவனந்தபுரம் பாசஞ்சர்
மெதுவாகத்தான் போனது,
ஜன்னல் ஜன்னலாக முகங்கள்.
போகட்டும்.

கண்காணி ஏசுவடியான்
விசிலை வாயில் வைத்தபடியே நின்றார்.
மழை விட்ட பிறகுதான் ஊதினார்.

சாயங்கால எடையில் எனக்கு ரெண்டு கிலோ குறைவு.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு
வசந்தபாய் அதே நீலப் புடவையில்
எனக்கு முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.
இடுப்புக்கு மேலே
என் ஐந்து விரலும் அச்சாக.

‘கழுவிப் பார்த்தியாடி?’ என்றேன்
ஜெபம் முடியும் முன்பே.
‘தோட்டெண்ணெயாக்கும், போவாது.
தெரிஞ்சுதான் உடுத்தேன்.’

சுண்டுவிரல் மட்டும்
கொஞ்சம் இழுபட்டிருந்தது.
அங்கேதான் சுற்றினோம்.