உப்பு தேவையான அளவு

செவ்வாய், வெள்ளி. காலை ஏழரையிலிருந்து பதினொன்றரை.
பழைய வண்ணாரப்பேட்டையில் செருப்புக் கடைக்கு மேல் மாடி.
ஆறு கட்டில், ஆறு மெஷின்,
சுவரில் ஒரு டிவி.
எல்லோருக்கும் இடது கையில் ரெண்டு ஊசி.
வலது கை சும்மா கிடப்பதால்
ரிமோட் கட்டில் கட்டிலாகப் போய்வரும்.
யாரிடம் போனாலும் சமையல்தான்.

"உப்பு ஆகாது, தக்காளி ஆகாது, இளநீர் ஆகாது,
அப்புறம் எதுக்கு இதைப் பாக்குறீங்க?"
புதிதாய் வந்த நர்ஸ் கேட்டாள்.
பிலோமினா திரும்பாமலே சொன்னாள்:
"நீ சீரியல் பாக்குறியே,
அந்த ஊட்லயா வாக்கப்படப் போற?"

பிலோமினா காசிமேட்டில் முப்பது வருஷம் மீன் விற்றவள்.
"இன்னா மீனு இது?
செவுளைக் காட்டுறானா பாரு. காட்ட மாட்டான்.
மூணு நாளு ஐஸ்ல கெடந்தது.
மேல ஒரு எலையைக் குத்தி வச்சிட்டு
தட்டைச் சுத்திச் சுத்திக் காட்டிக்கினு கீறான்.
முன்னல்லாம் ஒரு அம்மா வரும்.
மீன் கழுவுறதையே அஞ்சு நிமிசம் காட்டும்.
மஞ்சா போட்டு, கல்லுப்பு போட்டு..."
உப்பு என்றதும் நிறுத்திக்கொண்டாள்.

ஜபருல்லா பாய், கல்யாண பிரியாணி, புளியந்தோப்பு.
கண்ணை மூடிக்கொண்டுதான் பார்ப்பார்.
வெங்காயம் அவசரப்பட்டு விழுந்ததை
எண்ணெய்ச் சத்தத்திலேயே பிடித்துவிடுவார்.
இப்போது அந்தச் சத்தமே வருவதில்லையாம்,
மேலே மேளத்தைப் போட்டு அமுக்கிவிடுகிறார்களாம்.
போன மாதம் ஒரு பையன்
தம் போட்ட சட்டியை நடுவில் திறந்துவைத்து
அம்மாவை நினைத்து அழுதான்.
"அழு தம்பி, வேணாங்கல.
மூடியை மூடிட்டு அழு."

விளம்பரம் முடிந்ததும்
பார்த்ததையே மறுபடி காட்டுகிறார்களே,
அது ஆறு பேருக்குமே ஆகாது.
நாலு மணி நேரத்தில் ஒரு மணி நேரம்
இப்படியே திருடு போகிறது என்பது
எங்கள் பொதுத் தீர்மானம்.

என் குறை சின்னது.
அப்போதெல்லாம் கடைசியில் ஒரு பட்டியல் வரும்,
நீலத் திரையில் லேசாக நடுங்கும் எழுத்துகள்.
மல்லிகா காலண்டர் தாளைக் கிழித்து எழுதுவாள்.
மூன்றாம் வரிக்கு வருமுன் மறைந்துவிடும்.
மிச்சத்தை நான் சொல்வேன்.
எல்லாப் பட்டியலும் ஒரே வரியில் முடியும் என்பதால்
அதை மட்டும் இருவரும் சேர்ந்து சொல்வோம்.
இப்போது பட்டியல் இல்லை.
ஏதோ ஆப்பில் இருக்கிறதாம்.

"அப்பவும் பொய்தான்யா" என்றார் எத்திராஜுலு.
துறைமுகத்தில் எடை மேடை குமாஸ்தாவாக இருந்தவர்.
"அரை மணி வேகணும்னு சொல்லிட்டு
மேசைக்கு அடியிலருந்து வெந்ததை எடுத்து வப்பாங்க.
ரெண்டையும் தராசுல வச்சா ஒண்ணா இருக்குமா?
அப்போ நமக்கு ஒண்ணுக்கு ஒழுங்கா போச்சு,
புரோகிராமும் நல்லா இருந்துது.
அவ்ளோதான்."
பிலோமினா சிரித்த சிரிப்பில்
மெஷின் பீப் அடித்து நர்ஸ் ஓடிவந்தாள்.

போன வெள்ளி.
கடைசிச் சுற்று, யாரோ ஒரு பெண்,
அடுப்பில் வெறும் பாத்திரம்.
கண்ணாடி ஜாடியைச் சாய்த்தாள்.
படம் மெதுவாகிவிட்டது.
விளிம்பில் ஒரு கணம் நின்றது தண்ணீர்,
பிறகு கயிறுபோல் முறுக்கிக்கொண்டு இறங்கியது,
உள்ளே குமிழிகள், குமிழிக்குள் விளக்கு வெளிச்சம்.
மேளத்தையும் நிறுத்திவிட்டார்கள்.
எங்களுக்கு ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர்,
மாத்திரை முழுங்க, காபி, எல்லாம் சேர்த்து.

பாய் கண் திறந்திருந்தார்.
ஜாடி காலியாகும்வரை யாரும் எதுவும் சொல்லவில்லை.
விளம்பரம் வந்தது.
"ஒண்ணேகால் லிட்டர் இருக்கும்" என்றார் எத்திராஜுலு,
தனக்கு மட்டும் சொல்வதுபோல.

பிலோமினா ரிமோட்டைக் கண்ணருகே கொண்டுபோய்த் திருப்பினாள்.
"இதுல பின்னாடி போற பட்டன் எதும்மா?"
"இதுல போகாது ஆயா.
இருங்க, விளம்பரம் முடிஞ்சதும்
எப்படியும் மறுபடி ஊத்துவாங்க."

சோப்பு. நகைக் கடை. பிளம்பிங் பைப்.
எண்ணிக்கொண்டே கிடந்தோம்.