இருந்ததற்கு

மல்லாவித் தபாற்கந்தோரில் கையெழுத்து வைத்து எடுத்தேன்.
பிளாஸ்டிக் குழாய். இரண்டு முனையிலும் மெழுகு.
சைக்கிளில் கட்டிவந்தவளை
"கிணத்துக்கு மோட்டர் போடுறியோ?"
என்று கேட்டது யோகபுரம் சந்தி.

புதன்கிழமை.
கடன்காரப் பொடியன் வரும் நாள்.
ஏழு பேர் குழு, என் வீட்டு விறாந்தையில்.
ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற ஆறு பேரும் எழும்ப ஏலாது.
பஞ்சகலா நானூறு ரூபா குறைய என்று
பிள்ளையின் உண்டியலைக் கவிழ்த்துக்கொண்டிருக்க
நான் குழாயை உடைத்தேன்.

உள்ளே ஆறு பெண்கள்
ஒருத்திமேல் ஒருத்தி சுருண்டு படுத்திருந்தார்கள்.

பாயில் விரித்து
மூலைக்கு ஒரு பாரம் வைத்தோம்:
அரிசிப் பேணி, செருப்பு, பொடியனின் ஹெல்மெட்.
கெய்ரோக்காரிகள்.
ஒருத்தி தலையில் ரொட்டித் தட்டு.
ஒருத்தி மாடிப்படியில், வாளியோடு, முழங்கால்வரை நனைந்து.
ஒருத்திக்கு இமை மட்டும்தான் தெரிகிறது,
கீழே எதையோ எண்ணுகிறாள்.
"இவளும் ஒரு குழுவில இருக்கிறாள்போல" என்றாள் தவநிதி.
கறுப்பு உடுப்போடு கடைசியாக ஒருத்தி.
"சரி, பிறகு?" என்று கேட்கப்போகிற வாய்.
வலக்கை முடிக்கப்படவில்லை,
மணிக்கட்டோடு துணி வெள்ளை.

பின்னால் குலத்தின் சரிந்த எழுத்து:
உம்மு ஹசன். இம்பாபா.
இருந்ததற்கு, மணிக்கு ஐம்பது பவுண்.

"அம்பது பவுணோ!"
கொடியை வங்கியில் வைத்த ஏழு கழுத்தும் ஒன்றாக நிமிர்ந்தன.
அது அந்த ஊர்க் காசு என்று சொன்னேன்.
சொன்னபிறகும் கணக்குப் பார்த்தேன்.
சித்திரையில் அனுப்பவில்லை. வைகாசியில் இல்லை.
ஏஜென்ட் விட்டுவிட்டுப் போன ஊரில்
வேலை கிடைக்கவில்லை என்றான் போனில்.
ஆறு பேர். மணிக்கு ஐம்பது.
பதினொரு வருசம் நானும்தான் இருந்தேன்.

எல்லாரும் போனபிறகு லாம்பைக் கிட்டப் பிடித்து
ஒவ்வொரு முகத்திலும் என்னைத் தேடினேன்.
மூக்கு இல்லை. நெற்றி வெட்டு இல்லை.
ஒருத்தியும் எனக்குப் பதிலாக வரவில்லை,
அவரவர் முகத்தோடு அவரவர்.
கோபம் வரும் என்று காத்திருந்தேன்.
பசிதான் வந்தது. பாணைத் தேயிலையில் தோய்த்துச் சாப்பிட்டேன்.

அந்தக் காலத்தில் அவன் வரைந்ததெல்லாம்
அடையாள அட்டைப் படத்தைப் பார்த்து.
முத்திரை அளவு முகத்தை நாலடி ஆக்குவான்.
மாலை காயுமுன் அடுத்த படம் வரும்.
கலியாணமான புதிதில் கேட்டேன், என்னையும் ஒருக்கால் வரையன் என்று.
பிறஷைத் தின்னரில் போட்டுவிட்டுச் சொன்னான்:
"நான் வரைஞ்ச ஒருத்தரும் இருந்ததில்லை."

எதிரில் இருந்ததில்லை என்றுதான் அன்று விளங்கிக்கொண்டேன்.

அங்கே ஆர் அவனுக்கு முதலில் இருந்திருப்பாள்?
மூச்சுவிட்டு, கால் மாற்றி, தும்மி,
இடையில் எழும்பிப் போய்
அடுப்பை அணைத்துவிட்டு வந்து
திரும்பவும் இருந்து,
கடைசியில் காசை எண்ணி வாங்கிக்கொண்டு
நாளைக்கு வாறன் என்று சொன்னவள்?
அவளுக்கு ஐம்பது போதாது.

ஆவணியில் கொழும்பிலிருந்து வான் வந்தது.
கண்ணாடி போட்ட அம்மா கையுறையோடு எண்ணினார்.
"ஐந்துதானா?"
"ஐந்துதான்."
இரவு குலத்தின் போன்: ஆறெல்லோ அனுப்பினனான்?
தபாலில தொலைஞ்சிருக்கும் என்றேன்.
கொஞ்சநேரம் கோட்டில் இரைச்சல் மட்டும் கேட்டது.
பிறகு, "எது?" என்றான்.
"கை முடியாதது."
அவன் வேறொன்றும் கேட்கவில்லை.

பொடியன் இப்போது அவளுக்கு நேர்கீழே இருந்துதான் கொப்பி எழுதுகிறான்.
ஏழு பேர் வரவு என்று எழுதிவிட்டு
ஒருதரம் அண்ணாந்து பார்க்கிறான்.

மின்சாரம் நின்ற இரவுகளில்
உம்மு ஹசன் சுவரில், நான் கதிரையில்.
குளத்துப் பக்கம் யானை வெடி கேட்கிறது.
இருக்கிறோம்.
மணிக்கு எவ்வளவு என்று
இன்னும் பேசவில்லை.