இரண்டு இருக்கை

குளியலறைத் தராசை நான் கராஜுக்குத் தூக்கிப்போன நாளிலிருந்து
நிருபன் தன் எடையைப் பார்த்ததில்லை.

பின் இருக்கை இருபத்து மூன்று கிலோ.
உபரிச் சக்கரம் பதினாறு.
தரைவிரிப்பு, ஈரத்தோடு, எட்டரை.
விரிப்பின் அடியில்
மூன்று பார்க்கிங் சீட்டு, ஒரு தலைமுடிக் கிளிப்,
முன்னைய சொந்தக்காரர் வீட்டுப் பிள்ளையின்
பால்பல் ஒன்று.
பல்லுக்குத் தராசு அசையவில்லை.
கூரையில் எறிந்திருக்க வேண்டும்.
சில்லறை போடும் குழியில் போட்டேன்.

எல்லாவற்றையும் நாட்காட்டித் தாள்களின் முதுகில் எழுதினேன்.
திருப்பினால் ராகுகாலம்.

இரண்டாயிரமாம் ஆண்டில் பிறந்த பேஜோ,
ஆறு கியர், மங்கிய சிவப்பு.
மருத்துவமனையில் இரவு முழுதும்
அறுவைக் கத்திகளை அவித்து அடுக்கிவிட்டு வந்து
விடியற்காலை அதன் அடியில் படுப்பேன்.
அங்கே எதையும் தொடக் கையுறை.
இங்கே நகக்கண்ணில் கிரீஸ்.

டாண்டினோங்கின் ஜூலைக் குளிரில்
உலர் பனிக்கட்டியைத் தரையில் பரப்பிப்
பத்து நிமிடம் பொறுத்துச் சுத்தியலால் தட்டினால்
உள்ளே ஒட்டிக்கிடந்த தார்
முறுக்குப் போல நொறுங்கும்.
வேலிக்கு மேலால் மில்யானா எட்டிப் பார்த்தாள்.
பிணமா, என்றாள்.
தார், என்றேன்.
முகம் வாடிப் போய்விட்டாள்.

பின் அச்சைக் கழற்றியபோதுதான் தெரிந்தது
ஊசி பேரிங்குகள் எல்லாம் செங்கல் மாவு.
இத்தனை வருடமும்
வளைவுகளில் அது வளைந்ததாக நடித்திருக்கிறது.

மாமி தொலைபேசியில்:
"பின்னுக்குச் சீட் இல்லாட்டி
நாங்கள் கோயிலுக்கு எப்பிடிப் பிள்ளை போறது?"
"உங்களிட்டக் கொரோலா இருக்குத்தானே மாமி."
"அதுக்கில்லை."
அதுக்கில்லை என்று எனக்கும் தெரியும்.
விசையளவுச் சாவி 'டக்' என்றது.
அதற்கு மேல் முறுக்கக் கூடாது.

பாக்கென்ஹாமில் பொறியாளர் ஓ'டோனல்
சாலைக்கு ஒரு பெல்ட், தடத்துக்கு ஒரு பட்டி,
இரண்டையும் இழுத்து இழுத்துப் பார்த்தார்.
சைலன்சரின் பின்னால் குந்தி ஒலி அளந்தார்.
கண்ணாடியின் ஆவி போக்கும் விசிறியை நான் எடுக்கவில்லை,
சட்டம் விடாது, இரண்டு கிலோ நட்டம்.
ஹாரனை அடிக்கச் சொன்னார்.
அடித்தேன். ஆட்டுக்குட்டி.
சிரிக்காமல் எழுதினார்: ஆசனம், இரண்டு.
அந்தத் தாளை ஒரு கிழமை
யாருக்கும் காட்டாமல் வைத்திருந்தேன்.

வின்டனில்,
எட்டு மாதம், ஒரு சம்பளச் சேமிப்பு,
தொண்ணூற்றொரு கிலோ கழித்து,
என் சுற்று நேரம் குறைந்தது
முக்கால் விநாடி.

ஏழாவது சுற்றில், வளைவின் நடுவில்,
பயந்து காலை எடுத்தேன்.
எடுக்கக் கூடாது.
கனமில்லாத பின்பக்கம்
இதற்காகவே காத்திருந்தது போல
என்னை முந்திக்கொண்டு போனது.
புல், வானம், டயர்ச் சுவர், புல்.
நின்றபோது
வந்த வழி முழுதும் முன்கண்ணாடியில் தெரிந்தது,
என் கறுப்புக் கோடு இரண்டோடு.
எஞ்சின் அணைந்திருந்தது.
எங்கோ ஒரு மேக்பை கூவியது.
குழிக்குள் பல் மட்டும்
இன்னும் உருண்டுகொண்டிருந்தது.

பயம் எத்தனை கிலோ என்று
அன்று எழுதவில்லை.
அடுத்த சுற்றில் காலை எடுக்கவில்லை,
அவ்வளவுதான் சொல்ல முடியும்.

வீடு திரும்பும் வழியில் பத்துக் கிலோ கீரிச்சம்பா.
பின்னால் வைத்தால் வெறும் தகரத்தில் வழுக்குகிறது.
பக்கத்து இருக்கையில் இருத்தி
நான்கு பட்டியாலும் இறுக்கினேன்.
சிவப்பு விளக்கில்
பக்கத்துக் காரிலிருந்த பையன்
அரிசியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்,
மரியாதையோடு தலையசைத்தான்.

பச்சை விழுந்ததும் மெதுவாகத்தான் எடுத்தேன்.
மூட்டையில் ஒரு தையல் விட்டிருந்தது.