ஐம்பத்திரண்டு கிலோ

பெயர் சிகப்பி. காரைக்குடி, கழனிவாசல்.
படிகளைப் பூஜ்ஜியத்திலிருந்து எண்ணுவேன்.
எங்கள் மாடிக்கு எனக்குப் பதினாறு,
அம்மாவுக்குப் பதினேழு.
மாறிகளுக்குக் கந்தரப்பம், சீயம் என்று பேர் வைத்து
பெங்களூர்க்காரர்களிடம் திட்டு வாங்கியிருக்கிறேன்.

வேலை, புதுவயல் ரைஸ்மில் எடைமேடைக்கு
நிரல் எழுதுவது.
லாரி ஏறும். எண் நிற்கும். சீட்டு வரும்.

ஆடியில் ஒரு லாரிக்கு மட்டும்
ஐம்பத்திரண்டு கிலோ கூடுதல்.
மூன்று ராத்திரி வரிவரியாகத் துழாவினேன்.
நேரில் போனால்
நெல்மூட்டை மேல் குறட்டை விடுகிறான்
கிளீனர் முனியசாமி.

நிரலில் பிழையில்லை.
ஆனாலும் ஒரு கேள்வி சேர்த்தேன்:
‘மேலே யாராவது தூங்குகிறார்களா?’
ஆம் என்றால் ஐம்பத்திரண்டு கழியும்.
அவனை எழுப்பாது.

தீபாவளி கழிந்ததும்
அந்த எண்ணை மட்டும்
திருத்தவேண்டி வரலாம்.