ஐம்பத்தேழாம் பக்கத்தின் அடியில்

மார்ச் மாதம். அகுரேரி.
வெளியே உப்புத் தூவிய சாலை.
உள்ளே நான், பழைய மென்பொருள் ஒன்று,
மாவட்டத்து ஆடுகளின் காதுகள் அத்தனையும்.

எட்டாண்டுக்கு ஒருமுறை அச்சேறும் பதிவேடு இது:
யார் ஆட்டுக்கு எந்தக் காதில் எந்த வெட்டு.
வலக்காது நுனி அறுத்தது,
இடக்காது பின்புறம் ஒரு கொத்து.
கோடையெல்லாம் மலையில் கலந்து மேய்ந்தவற்றைச்
செப்டம்பரில் பட்டியில் அடைத்துப் பிரிக்கும்போது
இவர் ஆட்டுக்கும் அவர் ஆட்டுக்கும் நடுவே
நிற்கிற வேலி
நான் போடும் அரைப்புள்ளிக் கோடு.

அதை ஒழுங்காய்ப் போட விட்டால்தானே.
கோடு போடச் சொன்னால் ரோடு போடும் ஒரு நேரம்.
இன்னொரு நேரம், பக்கம் முடிகிற இடத்தில்
போட்ட கோட்டையே விழுங்கிவிட்டு
அடி பிய்ந்த சாக்கு மாதிரி
அட்டவணையைத் தொங்கவிடும்.

ஐம்பத்தேழாம் பக்கக் கடைசியில்
ஒரு வரிசை இரண்டாய் முறிந்தது.
ஸ்டெய்ங்ரிமுர் இந்தப் பக்கம்,
பண்ணையும் இரண்டு காதுகளும் அவனோடு.
மறுபக்க உச்சியில் ஹெர்தீஸ் மட்டும்.
எதிரே மூன்று காலிக் கட்டங்கள்.
தலைக்கு மேல் ஒரு கோடுகூட இல்லை.

பக்க உச்சியில் இப்படித் தனித்துப்போகும் வரிக்கு
எங்கள் தொழிலில் ஒரு பெயர் உண்டு.
அதை இங்கே சொல்லப் போவதில்லை.
ஜனவரியில்தான் அவன்
பனிவண்டியோடு ஏரிக்குள் இறங்கிப்போனான்.

'வரிசை பக்கம் தாண்டி உடையலாம்' என்ற
கட்டத்தில் இருந்த டிக்கை எடுத்தேன்.
வரிசை முழுசாய் அடுத்த பக்கத்துக்குத் தாவியது.
பின்னால் நின்றவை எல்லாம் ஒருபடி இறங்க,
கடைசி ஆள் புத்தகத்துக்கு வெளியே விழுந்தார்.
ஒரு பக்கம் கூடினால் ஒரு மடிப்பு கூடும்.
மடிப்புக்குப் பதினாறு பக்கம்.

"செத்தவன் பெயரை எடு" என்றான் ஊல்வர்,
காபியை ஊதிக்கொண்டே.
"ஒற்றை வரி ஆகிவிடும். கணக்கு நேர்."
கெட்டவன் இல்லை. அச்சகத்துக்குப் பதில் சொல்கிறவன்.
என் சுட்டி ஏற்கெனவே
அந்தப் பெயரின் கடைசி எழுத்துக்குப் பின்னால்
கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

போன் செய்தேன்.
பின்னணியில் ஒரு நாய், ஒரு வானொலி.
"வங்கியில் எடுத்தாயிற்று" என்றாள் ஹெர்தீஸ்.
"மின்கட்டணத்தில் எடுத்தாயிற்று.
நாற்பது பெண்ணாடுகள் நிற்கின்றன கொட்டகையில்,
அவன் கத்தி பட்ட காதோடு.
அவற்றிடம் போய் யார் சொல்வது?"
பிறகு, அச்சுப்படி எப்போது வரும் என்று கேட்டாள்.
பிறகு, அங்கே பனி எவ்வளவு என்று.

அன்று இரவு காதும் காதும் வைத்தாற்போல்
நாற்பத்தொரு பக்கங்களின் கட்டங்களில்
எழுத்துக்கும் கோட்டுக்கும் நடுவே இருந்த வெளியில்
மயிரிழை மயிரிழையாய்ச் சுரண்டினேன்.
தலைப்பு வரிசை ஒவ்வொரு பக்கமும் திரும்ப வருகிறதா,
அடிக்கோடு வந்து உட்கார்ந்ததா,
பார்த்து, அழித்து, மறுபடி பார்த்து.
மணி மூன்றே காலுக்கு
கடைசி ஆள் உள்ளே ஏறிக்கொண்டார்.

ஐம்பத்தெட்டின் உச்சியில் இப்போது
இரண்டு பெயர், இரண்டு காது, நாலு பக்கமும் கோடு.
ஐம்பத்தேழின் அடியில் மட்டும்
ஒரு வெள்ளைப் பள்ளம்.

"காகிதம் வீண்" என்றான் ஊல்வர்.
இருக்கலாம்.
செப்டம்பரில், மழையில், பட்டிக்குள்,
முட்டிக்கு நடுவே ஓர் ஆட்டை இடுக்கிக்கொண்டு
யாரோ இந்தப் பக்கத்தை விரிப்பார்கள்.
பிடித்துக்கொள்ள
ஒரு கட்டைவிரல் அகலம் வேண்டும்,
ஈரக் கையுறையோடு சேர்த்து.
அளந்துதான் விட்டிருக்கிறேன்.