ஐந்தாவது ஆள்

ஐந்து பேர் போதும் என்பது எங்கள் கணக்கு.
ஐந்து பேர் தடுக்கிய இடத்தில்தான்
ஐயாயிரம் பேரும் தடுக்குவார்களாம்.
நாலு பேர் வந்தார்கள்,
முந்நூறு ரூபாய் கூப்பன் வாங்கிக்கொண்டு
லிஃப்டில் இறங்கிப் போனார்கள்.
ஐந்தாவது ஆள் சில்க் போர்டில் மாட்டிக்கொண்டார்.
மூன்று மணிக்குப் பிறகு ஃபோன் எடுக்கவில்லை.

எச்.எஸ்.ஆர். லேஅவுட், நாலாவது மாடி.
பதினொரு ஸ்டார்ட்அப்புகளுக்கு ஒரே காபி மெஷின்.
எங்களுடையது சம்பள முன்பணம் தரும் ஆப்;
இன்னும் யாருக்கும் தரவில்லை.
"யாரையாவது பிடி" என்றான் ருஷப்.
பிலோமினாக்கா காரிடாரில் மாப் போட்டுக்கொண்டிருந்தார்.

கையை யூனிஃபார்மில் துடைத்துவிட்டு
நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.
இது உங்களுக்கு வைக்கும் பரீட்சை இல்லைக்கா,
ஆப்புக்கு வைக்கும் பரீட்சை, என்றேன்
பாடம் செய்திருந்தபடி.
"அது ஃபெயிலானா யாரைத் திட்டுவாங்க, கண்ணு?"
ஜெஸ்வின் ரெக்கார்டிங்கை அழுத்தினான்.

ஒரே ஒரு விதி: உதவக் கூடாது.
அவர் விரல் தப்பான மூலைக்குப் போகும்போது
நம் விரலை மடியில் பூட்டிக்கொள்ள வேண்டும்.
தொண்டைக்கு வரும் 'கீழே பாருங்க'வைத்
தண்ணீரோடு விழுங்க வேண்டும்.
நொடிகளைக் குறிக்க வேண்டும்.
நாற்பத்தொன்று.

"சமர்ப்பின்னு போட்டிருக்கே.
வியாழக்கிழமை விவேக்நகர் கோயில்லே
காணிக்கைதான் சமர்ப்பிப்போம்.
வாங்க வந்தவ எதைச் சமர்ப்பிக்கணும்?"
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள்.

பிறகு அழுத்தினார்.
பச்சை டிக் துள்ளி வந்தது.

அந்தப் பச்சைக்கு எனக்கு ஒரு முழு ராத்திரி ஆனது.
பொம்மனஹள்ளி பி.ஜி.யில், கீழ்க்கட்டிலில்,
வெளிச்சம் கசியாமல் லேப்டாப்பைப் போர்வைக்குள் வைத்து
கிளிப்பச்சை, பாசிப்பச்சை, இலைப்பச்சை என்று
மாற்றி மாற்றிப் பார்த்து
நம்பத் தோன்றும் ஒரு பச்சையைக் கண்டுபிடித்தேன்.
துள்ளலும் என் யோசனைதான்.
'ரூ. 2,000 உங்கள் கணக்கிற்கு வருகிறது.'

அறிக்கையில் எழுதினேன்:
பயனர் 5. தயக்கம் 41 நொடி. நம்பிக்கை: அதிகம்.
கூப்பன்: இல்லை, ஏஜென்சி ஆள்.

செவ்வாய்க்கிழமை பாத்ரூம் வாசலில் கேட்டார்:
"அந்த ரெண்டாயிரம் எப்போ வரும்?
ட்யூஷன் மிஸ்கிட்ட
வெள்ளிக்கிழமை தர்றேன்னு சொல்லிட்டேன்."

இப்போது எந்த விதியும் என் வாயை மூடவில்லை.
உள்ளே ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.
யாரும் நொடி குறிக்கவில்லை.
அது வெறும் படம்க்கா, என்றேன் கடைசியில்.
ஒரு படத்தை அழுத்தினால் அடுத்த படம் வரும்.
பின்னால் ஒன்றும் கிடையாது.

என் ஸ்டைப்பெண்டும் அப்படித்தான்
'பரிசீலனையில்' என்று ஒரு வட்டமாகச் சுற்றுகிறது.
அந்த வட்டத்தை வரைந்தவளும்
எந்த ஊர் இன்டர்னோ.

"பொய்யின்னா ஒரு மூலையிலே
பொய்யின்னு எழுதிப் போடறதுதானே?
தரை ஈரமா இருந்தா
நான் மஞ்சள் போர்டு வைக்கிறேன் இல்லே?"
வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அன்றிரவு ஒரு மஞ்சள் பட்டை சேர்த்தேன்:
'இது மாதிரி மட்டும். பணம் வராது.'
காலையில் அது இல்லை.
"டெமோ டே வரைக்கும் வேண்டாம்" என்றான் ருஷப்,
சிரித்துக்கொண்டே, கெட்டவன் இல்லை,
அவனும் நாலு மாதமாக வாடகை பாக்கி.

டெமோ டே.
இருநூறு நாற்காலி, சுவர் அளவு திரை.
திரையில் பதினொரு நொடி பிலோமினாக்கா:
எதைச் சமர்ப்பிக்கணும்?
கூடம் முழுக்கச் சிரித்துக் கைதட்டியது.
அவர் கடைசிக் கதவருகே மாப்போடு நின்று
தன் முகத்தை நிமிர்ந்து பார்த்தார்.
அப்புறம் கண்ணை இடுக்கிக்கொண்டு
திரையின் நாலு மூலையிலும் எதையோ தேடினார்.

தேநீர் இடைவேளையில் யாரோ ஜூஸைக் கொட்டினார்கள்.
அக்கா வந்து துடைத்தார்,
மஞ்சள் போர்டை விரித்து நிறுத்தினார்.
முதலீட்டாளர்கள், மென்ட்டர்கள், ருஷப், எல்லோரும்
அதைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள்.
பழக்கதோஷம், நொடி எண்ணினேன்.
ஒருவர்கூடத் தயங்கவில்லை.